புது லப்டொப் ஊர்ந்த கதை

கொக்குவிலிலிருந்து:

மகளுக்குக் கம்பஸ் கிடைத்தபோது வாங்கிக் கொடுத்த லப்டொப். பெட்டி உடைத்த நாளிலிருந்தே ஆள் மந்தம். சுவிட்சை அமத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்தேன்: நாலரை நிமிடம். பழைய லப்டொப் என்றால் மனம் ஆறும். இது பிளாஸ்டிக் உறை கழற்றாத சாமான்.

வாங்கிய கடைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்தவர் அதைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ரேம் காணாது அண்ணை, இன்னொரு 8 ஜிபி போடுங்கோ” என்றார் (ரேம் என்றால் ஓடுகிற வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்). யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். உண்மையில் யோசிக்க எனக்கு எதுவும் தெரியாது, கையில் காசில்லை, அவ்வளவுதான்.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெடியன் வந்தான். “மாமா, காசைக் கொட்ட முதல் எது நிரம்பிக் கிடக்கெண்டு பாப்பம்” என்று கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினான். கணினியில் எது எவ்வளவு பாவிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜர் திறந்தது. ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கிடந்த கணினியில் ரேம் 58 வீதம், புரொசசர் 10 வீதம், கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் மட்டும் 100. “ரேமுக்கு ஒண்டுமில்லை. டிஸ்க்தான் மூச்சு வாங்குது.” அந்த ஒரு பக்கத்தை முதலே பார்த்திருந்தால் கடைக்குப் போன பெற்றோலாவது மிஞ்சியிருக்கும்.

டிஸ்க்கைப் பிடித்துத் தின்றவை எவை என்று பார்த்தால், முதலில் அன்டிவைரஸ். அதுவும் இரண்டு! கணினியோடு வந்த இலவச தவணை ஒன்று. கடையில் அன்பளிப்பாகப் போட்டுத் தந்தது இன்னொன்று. எந்தக் கோப்பைத் தொட்டாலும் இரண்டும் போட்டிபோட்டுச் சோதித்துக்கொண்டிருந்தன. இரண்டையும் நீக்கிவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் பண்ணினோம். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாகவே விழித்துக்கொண்டது. வீட்டுப் பாவனைக்கு அது போதும் என்பதுதான் என் எண்ணம்.

அடுத்தது அப்டேற். மகள் போனின் ஹொட்ஸ்பொட்டில் நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் இன்ரநெற் எடுப்பாள். புதுக் கணினிக்கு வரவேண்டிய அப்டேற் எல்லாம் அரையும் குறையுமாக இறங்கி, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அவள் வேலை செய்கிற அந்த மணித்தியாலத்தில்தான் அதுவும் வேலை செய்யும். பைபர் இணைப்புள்ள மாமி வீட்டில் ஒரு இரவு முழுக்கச் சார்ஜரோடு விட்டுவைத்தோம். காலையில் இரண்டு தரம் ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தோம். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு நேரம் ஒன்றரை நிமிடத்துக்கு இறங்கியது. மிச்சத்துக்குக் காரணம் உள்ளே இருந்த சுழலும் ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 5400 சுற்று. விளம்பரத்தில் ‘1 டிபி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது இதைத்தான். சேமிக்கிற இடம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் வாங்கினேன். உத்தரவாதம் முறியாதா என்று கேட்டு உறுதி செய்துவிட்டு, உள்ளே வெறுமையாக இருந்த எம்.2 என்ற செருகுமிடத்தில் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பு) ஒன்றைப் போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். விண்டோஸின் லைசன்ஸ் எண் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்ட்டிலேயே இருப்பதால் இன்ரநெற் கொடுத்ததும் அதுவே அக்டிவேற் ஆனது. இப்போது 15 செக்கன். தேத்தண்ணிக்கு நேரமில்லை. பழைய டிஸ்க் படங்கள் சேமிக்கக் கிடக்கிறது.

சாவகச்சேரியிலிருந்து:

உங்களுக்கு மாற்ற இடமாவது இருந்தது அண்ணை. எனக்குக் கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது மெல்லிய, வடிவான சாமான். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, இரண்டும் மதர்போர்ட்டோடு ஒட்டியவை, கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸ் 11க்குச் சொல்லப்பட்ட ஆகக் குறைந்த அளவும் சரியாக அதுதான், அதாவது ஓடும், ஆனால் கூட வேறெதுவும் ஓடாது. மச்சானிடம் குறை சொல்லவும் முடியாது, அவர் சூட்கேசில் சுமந்து வந்தவர். கணினி போட்டதும் தானாகத் தொடங்கும் ஸ்டார்ட்அப் செயலிகள் எல்லாவற்றையும் நிறுத்தினேன், பிரவுசரில் மூன்று தாவலுக்கு மேல் திறப்பதில்லை. தம்பியின் ரியூஷன் சூம் வகுப்புக்கு அது காணும்.

நல்லூரிலிருந்து:

எங்கள் வீட்டு லப்டொப் காலையில் குதிரை, மத்தியானம் மாடு. வைரஸ் என்று நினைத்து இரண்டு தரம் போர்மட் பண்ணினேன். கடைசியில் பார்த்தால் சித்திரை வெயில், மேலே சீற் கூரை, மகன் அதைத் தலையணைக்கு மேல் வைத்துப் படிக்கிறான். காற்று எடுக்கும் ஓட்டை அடியில் இருக்கிறது, தலையணை அதை அடைத்துவிடுகிறது. சூடு ஏறினால் புரொசசர் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். இப்போது மேசையில், பின்பக்கம் இரண்டு சோடா மூடியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். மத்தியானமும் ஓடுகிறது. அந்த இரண்டு போர்மட்டில் போன கலியாணப் படங்களுக்கு மனுசி இன்னும் ஏசுகிறா.