பொருள்: பின்னணிப் பணிகளின் 'டைனமிக் ஷெட்யூலிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நெல்லையிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா நிரலாக்கக் கட்டமைப்புக்கான செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். ஒன்பதாம் பாடத்தின் தலைப்பிலேயே நிற்கிறேன்.

பாடம் இதுதான்: விடுதி மாணவர்களுக்குத் தினமும் மாலை 6 மணிக்கு நினைவூட்டு அஞ்சல் போகிறது. அந்த நேரத்தை நிரலிலேயே கிரான் கோவையாக (வேலை ஓடவேண்டிய மணி, நாள், மாதம் முதலியவற்றைக் குறிக்கும் சிறு வரி) எழுதிவிட்டால், செயலி தொடங்கும்போது படித்ததோடு சரி. 7 மணிக்கு மாற்ற, நிறுத்தித் திரும்பத் தொடங்கவேண்டும். அப்படியில்லாமல் நேரத்தைத் தரவுத்தளத்தில் வைத்து, சேவையகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய ஏற்பாட்டை நீக்கிப் புதியதைப் பதிய வேண்டும். இதுதான் டைனமிக் ஷெட்யூலிங்.

'இயங்குநிலைப் பணித் திட்டமிடல்' என்று எழுதியிருந்தேன். "ஐந்தாண்டுத் திட்டம் மாதிரியா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வேறு சொல் தாருங்கள்.

சென்னையிலிருந்து, திங்கள்

அக்கா, அந்தப் பெண் கேட்டது நியாயம். ஷெட்யூலிங் என்றே விட்டுவிடுங்கள். நேர்காணலில் பிள்ளைகள் காதில் விழப்போவது அதுதான். 'பின்னணி' மட்டும் இருக்கட்டும்: பின்னணிப் பாடகர் போல, முகம் தெரியாமல் வேலை நடக்கிறது.

தஞ்சையிலிருந்து, செவ்வாய்

தம்பி, நேர்காணலுக்காகப் பாடநூல் எழுதினால் தமிழில் எழுதவே வேண்டாமே. முல்லைப்பாட்டில் 'பொழுதளந் தறியும் பொய்யா மாக்கள்' வருகிறார்கள். பாசறையில் அரசனுக்குக் குறுநீர்க் கன்னல் என்ற நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நாழிகை சொன்னவர்கள். கிரான் என்ற பெயரே காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அவர்களுக்குக் கிரேக்கம் என்றால் நமக்குக் கன்னல். ஷெட்யூலர் – கன்னல். ஷெட்யூலிங் – பொழுதளவை.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய்

ஐயா, கன்னல் என்றால் பிள்ளையளுக்குக் கரும்புதான் நினைவுக்கு வரும். அதோடு, அந்த மாக்கள் நேரத்தைச் சொன்னார்கள். எந்த வேலையையும் தொடக்கி வைக்கவில்லை. அது கடிகாரத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. எங்கள் பள்ளிகளில் டைம்டேபிளுக்கு 'நேரசூசி' என்கிறோம். 'பணி நேரசூசி' எல்லோருக்கும் விளங்கும்.

தஞ்சையிலிருந்து, செவ்வாய் இரவு

சூசி வடசொல். அட்டவணை மராட்டி வழி வந்தது. இரண்டையும் விலக்குவோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன்

விலக்கலாம் ஐயா. கிரான் கோவையில் மாதத்துக்கு ஒரு புலம், வாரநாளுக்கு ஒரு புலம் இருக்கிறது. மாதமும் வாரமும் வடசொற்கள்தானே? 'திங்கள்' என்று எழுதினால் அது மாதமா, கிழமையா? அந்த இடத்தில் பிழைவிட்டால் அஞ்சல் தவறான நாளில் போகும். தூய்மைக்காக மாணவரைக் குழப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

மதுரையிலிருந்து, புதன்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சி இருக்கிறார். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை அவர்தான் பார்ப்பார். அதற்கு எங்கள் பக்கம் 'முறை வைக்கிறது' என்று சொல்வோம். செய்தித்தாளில் வரும் முறைப்பாசனமும் இதே முறைதான். தண்ணீர் குறைந்தால் அன்றைக்கே முறையை மாற்றி, ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறப்பார். அதற்காகக் கண்மாயை வற்றவைத்து மறுபடி நிரப்புவதில்லை. அக்கா கேட்பது இதைத்தானே?

ஷெட்யூலிங் – முறைவைப்பு. ஷெட்யூலர் – முறைவைப்பி. ஸ்பிரிங்கில் நாம் மாற்றாதவரை இந்தப் பணிகளுக்கு ஒரே இழைதான் (த்ரெட்). ஒரு பணி நீண்டால் மற்றவை காத்துக்கிடக்கும். ஒற்றை மடை என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பில் விளக்கமே தேவைப்படாது.

தஞ்சையிலிருந்து, புதன்

நல்ல சொல். 'முறையிடல்' என்று போயிருந்தால் புகார் ஆகியிருக்கும், 'வைப்பு' காப்பாற்றிவிட்டது. டைனமிக்குக்கு 'இயங்குநிலை' வேண்டாம், 'மாறு' போதும். மாறுமுறை வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்பது நன்னூல். மாறிய முறை, மாறுகின்ற முறை, மாறும் முறை மூன்றும் உள்ளே இருக்கின்றன. நேரம் எப்போது வேண்டுமானாலும் மாறும் ஏற்பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? 'மாறுமுறைவைப்பு'. கன்னலை நான் கைவிடவில்லை, கடிகாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து, வியாழன்

ஒரு தடை. முறை என்றால் ஒன்றன்பின் ஒன்று. 6 மணி அஞ்சலும் நள்ளிரவுக் காப்புநகலும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு இருப்பது நேரம் மட்டும், வரிசை இல்லை. இழைகளைக் கூட்டினால் ஒரே நொடியில் இரண்டும் ஓடும். முறைவைப்பு என்று படித்தவன் இதைக் கியூ என்றுதான் புரிந்துகொள்வான். 'நேரம் குறித்தல்' என்று எளிமையாக எழுதினால் என்ன குறை?

மதுரையிலிருந்து, வியாழன்

கண்மாய்க்கும் மடை பல உண்டு தம்பி. இரண்டு மடையில் ஒரே நேரத்தில் முறை ஓடுவதுண்டு.

நெல்லையிலிருந்து, வியாழன் இரவு

நாளை காலை கோப்பை அனுப்பியாகவேண்டும். நேரசூசிக்கு ஒருவர், நேரம் குறித்தலுக்கு ஒருவர், முறைவைப்புக்கு என்னோடு சேர்த்து மூவர். தலைப்பு 'பின்னணிப் பணிகளுக்கு மாறுமுறைவைப்பு'. முதல் பத்தியில் ஷெட்யூலிங்கையும் நேரசூசியையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிரான் கிரானாகவே இருக்கும். மாதம் மாதமாகவே இருக்கும். அனைவருக்கும் நன்றி.

சென்னையிலிருந்து, வியாழன் இரவு

சரி அக்கா, அச்சுக்குப் போகட்டும். என் தடை அப்படியே இருக்கிறது. பத்தாம் பாடம் கியூ என்று உள்ளடக்கத்தில் பார்த்தேன். அதற்கு என்ன சொல் வைக்கப்போகிறீர்கள்?