1922ல வந்த சூனியக்காரி படத்தை 14 வயசுப் புள்ளையோட உக்காந்து பாக்கலாமுங்களா?

கோபி மாமன்:
வணக்கமுங்க. என்ற அக்கா பொண்ணு லீவுக்கு கோபி வந்திருக்கா, 14 வயசு, நல்லா படம் வரைவா, பேய் பிசாசு கொம்பு வாலுன்னு நோட்டு பூரா அதான். எங்கியோ 'ஹெக்ஸான்'ங்கற பழைய படத்தோட போட்டோவைப் பாத்துட்டு மாமா இத போடுங்கன்னு ஒரே புடியா நிக்கறா. ஊமைப்படம், கருப்பு வெள்ளை, நூறு வருசத்துக்கு முந்தினது, இதுல என்ன இருந்துடப் போகுதுன்னு நானும் சரின்னுட்டேன். ராத்திரி மொதல்ல நானு தனியா போட்டுப் பாத்தேன், ஆரம்பத்துல பள்ளிக்கூடத்துல வாத்தியார் குச்சி வெச்சு பழைய படத்தையெல்லாம் காட்டற மாதிரியே போச்சுங்க, நெம்ப நல்லா இருந்துச்சு. அப்புறம் தூக்குல போட்ட திருடனோட கையில இருந்து ஒரு கிழவி விரலை ஒடிச்சு எடுக்கறா பாருங்க, அங்கியே நிறுத்திட்டேன். எங்க அம்முச்சியும் அதே ரூம்புலதான் படுத்திருந்தாங்க. முழுசா பாத்தவங்க யாராச்சும் உள்ள என்னென்ன வருதுன்னு மறைக்காம சொல்லுங்க, கதை தெரிஞ்சுபோனாலும் பரவால்ல.

நொய்யல் கரை:
போடாதீங்கண்ணா, இப்ப வேண்டாம். நூறு வருசப் படம்னு நம்பி ஏமாந்துராதீங்க, வந்த காலத்துலயே பல நாட்டுல வெட்டியும் தடை பண்ணியும்தான் வெச்சிருந்தாங்க. சூனியக்காரிக எல்லாம் ராத்திரி ஒண்ணு கூடற எடம் வருமுங்க, அதுல கைக்குழந்தையைக் கொதிக்கற அண்டாவுல போடறாங்க, சாத்தானோட பின்பக்கத்துல வரிசையா முத்தம் குடுக்கறாங்க, சிலுவையை மிதிக்கறாங்க, துணியில்லாத பொம்பள உடம்பும் வருது. சாத்தான் மோர் கடையற மாதிரி ஒரு சீன் இருக்கு, அது சின்னவங்களுக்குப் புரியாது, பெரியவங்களுக்குக் கூட உக்காந்து பாக்க ஒரு மாதிரி ஆயிரும். சாமியாரைச் சாட்டையில அடிக்கறது, மடத்துல இருக்கற கன்னியாஸ்திரிக எல்லாம் புத்தி பேதலிச்சு ஆடறதுன்னு வந்துட்டே இருக்கும்.

ஆனா படம்னா படமுங்க. எடுத்தவரு பெஞ்சமின் கிறிஸ்டென்சன், டென்மார்க்காரரு, ஸ்வீடன் கம்பெனி காசு போட்டுச்சு, சாத்தானா நடிச்சதும் அவரேதான். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஒண்ணுமில்லாத காலத்துல ஒரே பிலிம்ல ரெண்டு தடவை எடுத்து ஊரு மேல சூனியக்காரிகளைப் பறக்க உட்டிருக்காரு. நம்ம கோயமுத்தூர்ல சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால்ங்கற சினிமா கொட்டாயைக் கட்டினது 1914, அது ஓட ஆரம்பிச்சு எட்டு வருசத்துல அங்க இப்படி ஒரு படம் எடுத்துட்டாங்கன்னு நெனச்சாலே எனக்கு மலைப்பா இருக்கும்.

காங்கேயத்துக்காரி:
தம்பி மேல சொன்னது அத்தனையும் சரி, ஆனா எனக்கு அந்தச் சாத்தானும் அண்டாவும் ஒண்ணுமே பண்ணலைங்க. என்னைத் தூங்க உடாம பண்ணது மரியாங்கற அந்த நெசவுக்காரக் கிழவி. ஒரு ஊட்டுல அச்சடிக்கற தொழில் பாக்கற மனுசன் சீக்கா கெடக்கறான், சூனியம்தான்னு ஈயத்தை உருக்கி ஊத்திப் பாத்துச் சொல்றாங்க, நம்மூர்ல மை போட்டுப் பாக்கற மாதிரின்னு வெச்சுக்கங்க. அந்நேரம் பாத்து இந்தக் கிழவி பசின்னு சோறு கேட்டு அடுப்படிக்கு வருது. சோறும் போடறாங்க. அது வாயில வழிய வழிய அள்ளித் தின்னுது, பசிச்ச வயித்துக்காரி எப்படித் திம்பா. அதைப் பாத்துட்டே அந்த ஊட்டுப் பொம்பளைக்கு இவதான் செஞ்சுபுட்டாங்கற நெனப்பு வந்துருது, எழுந்து போயி சூனியத்தை விசாரிக்கற சர்ச் சாமியாருககிட்டக் காட்டிக்குடுத்துட்டு வந்துடறா.

அப்புறம் விசாரணைங்க. ரத்தம் பெருசா காட்டறதில்ல, அந்தக் கிழவி மூஞ்சியைத்தான் காட்டறாங்க, கண்ணீர் வழியற சுருக்கம் விழுந்த மூஞ்சி. வலி தாங்காம அவங்க கேக்கறதையெல்லாம் ஆமாம் ஆமாம்னு ஒத்துக்குது. அண்டாவுல குழந்தை, பறக்கறது, சாத்தானுக்கு முத்தம், இதெல்லாமே அது அடிக்குப் பயந்து சொல்ற கதைதான், நெசமா நடந்ததில்ல. இது புரியாம பாத்தா படமே வேற ஆயிரும். கடைசியில தன்னைக் காட்டிக்குடுத்த ஊட்டுப் பொம்பளைகளையும் சேத்துச் சொல்லிடுது, அவங்களையும் இழுத்துட்டுப் போறாங்க. நம்ம பக்கம் நாதியத்தவ ஆனைமலை மாசாணியம்மன்கிட்டப் போயி நீதிக்கல்லுல மொளகா அரைச்சுப் பூசி அழுதுட்டாவது வருவா. அந்தக் கிழவிக்கு அதுகூட இல்லைங்க, இன்னொருத்தி பேரைச் சொல்றதுதான் இருந்துச்சு.

என்னால ஏன் தாங்க முடியலைன்னா நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப எங்க தோட்டத்துக்கு அக்கட்ட ஒரு ஆத்தா தனியா சாளையில இருந்துச்சு, புருசன் இல்ல புள்ளை இல்ல. ஒரு வருசம் அடுத்தடுத்து ரெண்டு மாடு செத்துப்போச்சு, அந்த ஆத்தா கண்ணு பட்டுத்தான்னு பேச்சு கெளம்பிருச்சு. யாரும் அடிக்கலைங்க, ஆனா பால் ஊத்தறத நிறுத்திட்டாங்க, கெணத்துப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. அது வர்றது தெரிஞ்சா எங்க அம்முச்சி கதவைச் சாத்திட்டு என்னையும் உள்ள இழுத்துக்கும். எனக்கு சோறு பெசஞ்சு ஊட்டின கை அது. அந்த ஆத்தா எப்பப் போச்சு எங்க போச்சுன்னே தெரியல. படத்துல அந்த அடுப்படி சீன் வந்தப்ப நான் பாத்தது எங்க ஊட்டு அடுப்படியைத்தான். அதனால புள்ளைக்குப் போடறதா இருந்தா துணியில்லாம வர்றாங்களான்னு மட்டும் பாக்காதீங்க, அந்த விசாரணையை அவ தாங்குவாளான்னு பாருங்க.

ஈரோடு நர்ஸ்:
காங்கேயத்து அக்கா எழுதுனதப் படிச்சுட்டு ஒரு நிமிசம் போனைக் கீழ வெச்சுட்டேன். ரெண்டு விசயம் சொல்லோணும். ஒண்ணு, படத்துல எண்பது லட்சத்துக்கு மேல ஆளுகளை எரிச்சாங்கன்னு ஒரு கார்டு (ஊமைப்படத்துல நடுவுல வர்ற எழுத்து) வரும், அது தப்பு. இப்ப சரித்திரம் படிச்சவங்க சொல்றது 40,000ல இருந்து 60,000 பேருக்குள்ள, அதுல முக்காவாசி பொம்பளைங்க. கணக்கு கொறைஞ்சதால கொடுமை கொறைஞ்சிராது, ஆனா புள்ளைக்கு சரியாச் சொல்லிக்குடுங்க.

ரெண்டாவது, கடைசிப் பகுதி. அப்பச் சூனியம்னு சொன்னதையெல்லாம் இப்ப ஹிஸ்டீரியாங்கற சீக்குன்னு டாக்டருக சொல்றாங்கன்னு காட்டுவாரு. அந்தக் காலத்துக்கு அது பெரிய பேச்சுதான். ஆனா அந்தப் பேரையே அமெரிக்க மனநல டாக்டருங்க 1980ல மனநோய்களைப் பட்டியல் போட்டு வெச்சிருக்கற அவங்க புஸ்தகத்துல இருந்து எடுத்துட்டாங்க, பொம்பளைங்க எதுக்கு அழுதாலும் அந்த ஒரே பேரை ஒட்டி வெச்சிருந்தாங்க. நான் வார்டுல பாத்திருக்கேனுங்க, பொழுதோட ஆனா பேய் புடிக்குதுன்னு வேப்பங்குச்சியில அடிச்சு முதுகு பூரா தடிச்சுப்போன பொண்ணு, பாத்தா வலிப்பு. மாத்திரையில நின்னுபோச்சு. கூட்டிட்டு வந்த அவங்க அம்மா என்ற கையப் புடிச்சுட்டு அழுதது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. பீகார்ல 1999லயே சூனியக்காரின்னு பட்டம் கட்டறதுக்கு எதிரா சட்டம் போட்டாங்க, அதனால இது எங்கியோ ஐரோப்பாவுல முடிஞ்சுபோன கதைன்னு மட்டும் புள்ளைக்குச் சொல்லிராதீங்க.

கோபி மாமன்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து மீதியையும் பாத்துட்டேன், விசாரணை வந்தப்ப ரெண்டு தடவை எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டு வந்தேன். நடுவுல ஒரு கார்டு வருது பாருங்க, மரியாவா நடிச்ச அந்தப் பாட்டியே ஷூட்டிங்ல டைரக்டரைப் பாத்து சாத்தான் நெசந்தான், என்ற படுக்கைகிட்ட வந்து உக்காந்ததப் பாத்திருக்கேன்னு சொல்லுச்சாமா. அதுக்கப்புறம் அந்த மூஞ்சியப் பாக்கவே முடியலைங்க.

புள்ளைக்கு மொதப் பகுதி மட்டும் போட்டுக் காட்டினேன், மரத்துல செதுக்கி அச்சடிச்ச அந்தப் பழைய படங்க. ஒக்காந்து நாலு பக்கம் வரைஞ்சுட்டா. மீதி இன்னும் ரெண்டு வருசம் கழிச்சு, நானும் கூட இருக்கப்பன்னு சொல்லியிருக்கேன். ஏன்னு கேட்டா, வயசான பாட்டியை எல்லாருமாச் சேந்து பொய் சொல்ல வெக்கறாங்க கண்ணுன்னு சொன்னேன். பக்கத்துல வெங்காயம் உரிச்சுட்டிருந்த அம்முச்சி நிமுந்து பாத்து எந்த ஊர்லன்னு கேட்டாங்க.

நொய்யல் கரை:
நல்லதுங்கண்ணா. அப்பப் போடும்போது நிமிசத்தைப் பாத்துப் போடுங்க. 1968ல வெட்டி, வில்லியம் பர்ரோஸ்ங்கற அமெரிக்க எழுத்தாளர் குரலும் ஜாஸ் பாட்டும் போட்டு 77 நிமிசத்துல ஒண்ணு உட்டாங்க, அது வேண்டாம். நூறு நிமிசத்துக்கு மேல ஓடற, ராத்திரி நீலமாவும் நெருப்பு செவப்பாவும் வர்ற முழுப் படம்தான் வேணும். அம்முச்சி கேட்டதுக்கு நீங்க என்னங்கண்ணா சொன்னீங்க?

கோபி மாமன்:
அப்ப ஒண்ணும் சொல்லலைங்க. அப்புறம் பொழுதோட அவங்களாவே ஆரம்பிச்சாங்க, அவங்க பொறந்த ஊர்லயும் ஒருத்தி இருந்தாளாமா. பேரு ஞாபகம் இருக்கு, மூஞ்சிதான் வரமாட்டேங்குதுன்னாங்க.