லெக்சிங்டன் ஊரில் விடியற்காலைச் சண்டை: போய்ப் பார்க்கலாமா?

செல்லூர்க்காரன்:
மகள் குடும்பம் அமெரிக்காவில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் இருக்கிறது. ஏப்ரலில் வந்தே தீர வேண்டும் என்கிறாள். அந்த மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அங்கே 'தேசபக்தர் தினம்', மாநில விடுமுறையாம். 1775 ஏப்ரல் 19 அன்று ஆங்கிலேயப் படையோடு நடந்த சண்டையை ஊர்க்காரர்களே வேடம் கட்டி நடிப்பார்களாம். ஐந்தரை மணிச் சண்டைக்கு மூன்றரைக்கே கிளம்ப வேண்டுமாம். அழகரைப் பார்க்க ஆழ்வார்புரத்தில் இரவெல்லாம் நின்றவன் நான், தூக்கம் பெரிதில்லை. மூட்டுவலிதான் யோசிக்க வைக்கிறது. உட்கார இடம் இருக்குமா? இன்னொன்று: எட்டுப் பேர் செத்து, மற்றவர்கள் சிதறி ஓடியதாகப் பேரன் சொல்கிறான். தோற்ற சண்டைக்கு எதற்கு விழா?

விளாங்குடிப் பெண்:
ஐயா, நான் பக்கத்து ஊரில்தான் இருக்கிறேன். கட்டாயம் பாருங்கள். உட்கார இடம் கிடையாது. திடலைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள், முன்னால் வந்தவருக்கே முன்வரிசை. பின்னால் நிற்பவர்கள் மடக்கு ஏணி கொண்டுவந்து பிள்ளைகளை ஏற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல்தானே என்று மெல்லிய சட்டையில் போய்விடாதீர்கள், அந்த நேரத்துக் குளிர் எலும்பைத் துளைக்கும்.

சண்டை சில நிமிடங்கள்தான். ஜான் பார்க்கர் என்ற தலைவருக்குப் பின்னால் எழுபத்துச் சொச்சம் குடியானவர்கள் வரிசையில் நிற்பார்கள். எதிரே சிவப்புச் சட்டைப் படை. வெடிச்சத்தம் கேட்டதும் புகை திடலை மூடிக்கொள்ளும். கலையும்போது புல்லில் ஆட்கள் கிடப்பார்கள், பெண்கள் ஓடிவருவார்கள். ஜோனதன் ஹாரிங்டன் என்பவர் குண்டடி பட்டுத் தவழ்ந்தே போய்த் தன் வீட்டு வாசலில் உயிர்விட்டார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த வீடு இன்றும் திடலோரம் இருக்கிறது.

தோல்வி காலையோடு சரி. படை அங்கிருந்து கான்கார்டு என்ற ஊருக்கு ஆயுதம் பறிக்கப் போனது. அங்கே வடக்குப் பாலத்தில் குடியானவர்கள் திருப்பிச் சுட்டார்கள். பாஸ்டன் திரும்பும் வழிநெடுகக் கல்சுவருக்குப் பின்னாலிருந்தும் மரத்துக்குப் பின்னாலிருந்தும் அடி. ஆங்கிலேயரை எதிர்த்த அமெரிக்க சுதந்திரப் போரே அன்றுதான் தொடங்கியது.

திண்டுக்கல் வாத்தியார்:
செல்லூர் அண்ணன் அதை அந்நிய ஊர்க் கதை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் போரில் 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து எங்கள் திண்டுக்கல்லை வாங்கிக்கொண்டவர். அங்கே விட்டதை இங்கே பிடித்தார் மனிதர்! 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனுக்கும் தலைமையிடம் பாஸ்டன். பசுமலையில் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி அவர்கள் வைத்ததே.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏப்ரல் 19 என்றிருந்த விடுமுறையை 1969-இலிருந்து மூன்றாவது திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். 2019-இல் நம் அழகர் ஆற்றில் இறங்கியது சரியாக ஏப்ரல் 19. அவர்களோ 15-ஆம் தேதியே விடுமுறையை முடித்துவிட்டார்கள். நீண்ட வார இறுதிக்காக நாளை நகர்த்துவது என்ன வழக்கமோ! சித்ரா பௌர்ணமியை யாராவது திங்கட்கிழமைக்குத் தள்ளுவார்களா?

செல்லூர்க்காரன்:
வாத்தியாரே, அந்தக் கோபம் நியாயம்தான். அம்மா, முதல் குண்டைச் சுட்டது எந்தப் பக்கம்?

விளாங்குடிப் பெண்:
அதை இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஐயா. இரு பக்கமும் மற்றவரைக் கைகாட்டியது. சண்டை முடிந்ததும் அருகிலுள்ள தேவாலயங்களில் அப்பம்போல் ஒரு பலகாரம் சுடச்சுடப் போடுவார்கள், அங்கே உட்கார்ந்துகொள்ளலாம். பிற்பகலில் ஊர்வலம். அன்றே பாஸ்டன் மாரத்தானும் உண்டு, 1897-இல் தொடங்கிய ஓட்டம். நகரத்தில் பல சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஊர் திரும்பும் விமான டிக்கெட்டை அந்தத் திங்கட்கிழமைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.