புதுப்பிப்பு: கொல்லைக் கதவு விவகாரம்

காரைக்குடி வீட்டுக் கொல்லைக் கதவை யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள், என்ன பூட்டுப் போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா? பூட்டை மாற்றவே இல்லை. ஆசாரி வந்து, பூட்டு மாட்டும் நாதாங்கியை லேசாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது. முக்கால் அங்குல ஸ்குரூ, அதுவும் உளுத்துப்போன நிலைச்சட்டத்தில். "பூட்டு என்னண்ணே பண்ணும், நிலைல பிடிமானமே இல்லையே" என்றார். உளுத்த இடத்தை வெட்டிப் புதுத் தேக்கு வைத்து, கனமான இரும்புத் தகட்டை மூன்று அங்குல ஸ்குரூவால் முடுக்கி, உள்ளே குறுக்குக் கட்டையும் போட்டாயிற்று. முகப்பில் பர்மாத் தேக்குக் கதவு யானை மாதிரி நிற்கிறது, ஆனால் நம் செட்டிநாட்டு வீடுகள்தான் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை ஆயிற்றே, பின்பக்கம் ஆள் நடமாட்டமே கிடையாது. அப்புறம் முற்றத்துக்கு மேலே கம்பி வலை ஒரு மூலையில் துருப்பிடித்துப் பெயர்ந்திருக்கிறது, வெல்டிங்காரர் வெள்ளிக்கிழமை வருகிறாராம்.