உயிரிப் பொருளாதார ஆய்வு: வளர்ந்தது துறையா, பெயர்ப்பலகையா?

கணக்குப்பிள்ளை:
ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் ‘உயிரிப் பொருளாதாரம்’ என்று தேடி, ஆண்டுவாரியாக வரைபடம் போட்டேன். 2005க்கு முன் தரையோடு கிடக்கும் கோடு 2012க்குப் பிறகு விறுவிறுவென ஏறுகிறது. பெட்ரோலியத்தை விட்டுவிட்டு பயிர், மரம், பாசி, நுண்ணுயிர் என்று நகரும் பொருளாதாரத்துக்கு ஒரு தனித் துறையே பிறந்துவிட்டது. இல்லை என்பவர்கள் வரலாம்.

மண்புழு:
வந்துவிட்டேன். 2012இல் என்ன நடந்தது? பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் உயிரிப் பொருளாதார உத்தியை வெளியிட்டது, ஏப்ரலில் வெள்ளை மாளிகை தன் பங்குக்கு ஒன்று. நிதி எந்தப் பெயரில் வருகிறதோ அந்தப் பெயர் கட்டுரையிலும் ஏறும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைப் பற்றிய கட்டுரை எதையாவது எடுத்துப் பாருங்கள். முன்னுரையின் முதல் வரியில் அந்தச் சொல் ஒரு தடவை தலைகாட்டும். அப்புறம் கடைசி வரை வினையூக்கி, வெப்பநிலை, விளைச்சல் சதவீதம்தான். முன்பு இதே வேலைக்கு மர வேதியியல் என்று பெயர்.

கணக்குப்பிள்ளை:
பெயர் மாறும்போது கேள்வியும் மாறுகிறதே! 2008இல் சயின்ஸ் இதழில் சர்ச்சிங்கர் குழு எழுதியது நினைவிருக்கிறதா? மக்காச்சோளத்தை எத்தனாலுக்குத் திருப்பினால், அந்தத் தானியத்தை ஈடுகட்ட வேறெங்கோ காடும் புல்வெளியும் வயலாகும். அந்தக் கார்பனையும் கணக்கில் சேர்த்தால், பெட்ரோலைவிட உமிழ்வில் 20% மிச்சம் என்று சொல்லப்பட்ட எரிபொருள் 30 ஆண்டுகளில் பெட்ரோலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உமிழ்கிறது. வேதியியலாளர் மட்டும் உட்கார்ந்து கேட்கக்கூடிய கேள்வியா இது?

மண்புழு:
சரி, அது நல்ல அடி. ஆனால் அது உயிரி எரிபொருளைக் கொண்டாடும் கட்டுரை இல்லையே, கேள்வி கேட்கும் கட்டுரை. என் வருத்தமே அங்குதான். 1970களில் பொருளியலாளர் ஜார்ஜெஸ்கு-ரோகன் உயிரிப் பொருளியல் என்றபோது சொன்னது எல்லையைப் பற்றி: என்ட்ரோபி, அதாவது பயன்படாமல் சிதறிப்போகும் ஆற்றலின் அளவு, ஏறிக்கொண்டே போகும், முடிவில்லாத வளர்ச்சி நடக்காது. 2009இல் பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஈசிடியின் அறிக்கை உயிரிப் பொருளாதாரம் என்றபோது பேசியது உயிரித் தொழில்நுட்பம் தரப்போகும் ஆதாயத்தை. ஏறத்தாழ அதே சொல், நேர் எதிர்ப் பொருள். 2019இல் விவியன் குழுவினர், சொல்லையே கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பொருளில், இதைக் ‘கடத்தல்’ என்றே தங்கள் கட்டுரைத் தலைப்பில் போட்டார்கள்.

காளான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தமிழில் பொருளியல் வேறு, பொருளாதாரம் வேறு: முன்னது படிப்பு, பின்னது அந்தப் படிப்பு ஆராயும் நடப்பு. நம் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீன்வள ஆட்களை இருவருமே மறந்துவிட்டீர்கள். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற கடலில் லாபம் கரையும் வரை படகுகள் சேர்ந்துகொண்டே இருக்கும் என்று 1954இலேயே பொருளியலாளர் ஸ்காட் கார்டன் காட்டினார். அந்த மரபும் உயிரிப் பொருளியல்தான். கணக்குப்பிள்ளையின் தேடலில் அதுவும் கலந்திருக்கிறதா?

2016இல் புக்கே, ஹான்சன், கிளிட்கோ மூவரும் 2005 முதல் 2014 வரையான கட்டுரைகளை அலசினார்கள். உயிரித் தொழில்நுட்பம், உயிரி வளம், உயிர்ச்சூழல் என்று மூன்று பார்வைகளைப் பிரித்தார்கள். ஆய்வுச் சமூகம் சிதறிக் கிடக்கிறது, இயற்கை அறிவியலும் பொறியியலும்தான் நடுவில் இருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரே துறை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கணக்குப்பிள்ளை:
சொல்லின் வேரை வைத்துத் தேடியதால் மீனும் வலையில் விழுந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். பிரித்து மறுபடி போடுகிறேன். ஆனால் லிக்னினை நீக்க மாட்டேன்.

மண்புழு:
நீக்காவிட்டால் அந்த வரைபடத்தை நான் ஏற்க மாட்டேன்.