"செத்த பிள்ளை யாருல?"

பாளையங்கோட்டையிலிருந்து:

தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பாக்கெட் நாவல் வாடகைக்கு எடுப்பேன். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டதால் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு நாள் கொலைகாரன் பிடிபட்டான், துப்பறிகிறவர் ஜோக் அடித்தார், கதை முடிந்தது. ஆச்சி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: "ஏல, செத்த பிள்ளை யாருல? அவளப் பெத்தவ என்ன ஆனா?"

முதல் அத்தியாயத்தைப் புரட்டினேன். நைலான் புடவை, அறுந்த கொலுசு, அரைப் பக்கம் உடம்பு வர்ணனை. பெயரே மூன்றாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் தெரிகிறது.

அப்போது சிரித்துவிட்டேன். ஹாலி ரூபன்ஹோல்டின் 'தி ஃபைவ்' (2019) படித்தபோதுதான் உறைத்தது. நாவல் இல்லை, வரலாறு. 1888இல் லண்டனில் ஜாக் தி ரிப்பர் என்று பேர் வாங்கி, கடைசி வரை பிடிபடாத கொலைகாரன் கையில் செத்த ஐந்து பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் புத்தகம். அவன் யார் என்ற துப்பறிதலே கிடையாது. அதில் கேதரின் எடோஸ் துணைவனோடு ஊர் ஊராகப் போய்ச் சிறு பாட்டுப் புத்தகம் விற்றவள். அந்தக் காலத்தில் நம்மூர்ச் சந்தையில் நடந்த கொலையைப் பாட்டாக்கி, கொலைச்சிந்து என்று பாடி விற்பார்களே, கிட்டத்தட்ட அந்தப் பிழைப்பு. ஆனால் நூறு வருஷத்துக்கும் மேல் உலகம் அவளை நாலாவது பிணமாகத்தான் எண்ணி வைத்திருந்தது.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து:

அண்ணாச்சி, ஆச்சி அப்படிக் கேட்டதில் ஆச்சரியமே இல்லை. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காது அது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலையில் இருக்கிற சொரிமுத்தையனார் கோயிலுக்கு வந்து பாருங்கள். மாடு திருட வந்தவர்கள் கையில் செத்த முத்துப்பட்டன் அங்கே பட்டவராயன் என்ற சாமி. செருப்புத் தைக்கிற வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காக அவனும் செருப்புத் தைத்ததிலிருந்து அவர்கள் தீப்பாய்ந்தது வரை விடிய விடியப் பாடுவார்கள். இன்றும் அவனுக்குக் காணிக்கை தோல் செருப்புதான். குத்தினவன் பெயரைக் கேளுங்கள், கூட்டத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

திருநெல்வேலி டவுனிலிருந்து:

செத்தவளை வெறும் உடம்பாகக் காட்டுவதெல்லாம் அந்தக் காலம், இப்போது நாவல்கள் மாறிவிட்டன என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். பழைய சரக்கு அப்படியே யூடியூபுக்கு வந்துவிட்டதே? எங்கள் தெருவில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள். ஒரு சேனல்காரர் அவளுடைய கல்யாண போட்டோவில் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பின்னால் பேய்ப்பட மியூசிக் வைத்து ஓட்டினார். படத்தையாவது எடுங்கள் என்று அவள் தம்பி கமெண்டில் எழுதினான். அதற்கு ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போய்விட்டார்.