சயான் பள்ளத்தாக்கு: மூட்டு வலியுள்ள மனைவியும் 6 வயதுப் பேத்தியும் நடக்க முடியுமா?

காவேரிப்பட்டணம் ஓய்வாசிரியர்:

மகன் லாஸ் வேகஸில் வேலை பார்க்கிறான். ஜூலை இரண்டாம் வாரம் நானும் மனைவியும் அங்கே போகிறோம். பக்கத்து யூட்டா மாநிலத்தில் இருக்கும் சயான் தேசியப் பூங்காவுக்கு இரண்டு நாள் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறான். பாலைவனத்து நடுவில் ஆறு அறுத்த செம்பாறைப் பள்ளத்தாக்கு. படங்களைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே சுற்றுகிறது.

மனைவிக்கு 61 வயது, இடது காலில் மூட்டு வலி. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பாள். படி என்றால் உட்கார்ந்துவிடுவாள். பேத்திக்கு 6 வயது, பேரனுக்கு 11. எல்லோரும் சேர்ந்து நடக்கிற மாதிரி ஒரு பாதை அங்கே இருக்கிறதா?

இன்னொன்று. நேரோஸ் என்ற இடத்தில் ஆற்றுக்குள்ளேயே இறங்கி, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நடக்கிறார்களாம். தண்ணீர் கணுக்கால் அளவுதான், வானம் வெளுத்திருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்கிறான் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. போய் வந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓசூர் வாசகர்:

மூட்டு வலி என்றால் சயானை விட்டுவிட்டு கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்குப் போங்கள். நாங்கள் அங்கேதான் போனோம். விளிம்பை ஒட்டியே தளம் போட்ட நடைபாதை இருக்கிறது, இலவச பஸ்ஸும் உண்டு. எதற்கும் இறங்காமல் மேலிருந்தே பார்த்துவிடலாம். கீழே இறங்கும் பாதைகளில் மட்டும் கால் வைக்காதீர்கள். இறங்கும்போது சுகமாக இருக்கும், களைத்த பிறகுதான் ஏற்றம் வரும்.

பென்னாகரத்து மகள்:

ஐயா, சயானுக்கே போங்கள். கிராண்ட் கேன்யனை மேலே நின்று எட்டிப் பார்க்கிறோம். சயானில் பள்ளத்தாக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த இரண்டாவதுதான் எளிது.

கணவரின் வேலைக்காக நான்கு ஆண்டுகள் அரிசோனாவில் இருந்துவிட்டுத் தருமபுரிக்குத் திரும்பியவள் நான். சயானுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவோடும் அப்போது 5 வயதாயிருந்த மகளோடும், நீங்கள் போகும் அதே ஜூலையில்.

உங்களுக்கு ஏற்ற பாதை ரிவர்சைடு வாக். கோடைக்காலத்தில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரை விடமாட்டார்கள். பூங்காவின் இலவச பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்க வேண்டும். பாதை அங்கேயே ஆற்றங்கரையில் தொடங்குகிறது. போய்வர 3.5 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 17 மீட்டர்தான். தளம் போட்டிருக்கிறார்கள். கோடியை நெருங்கும்போது கொஞ்சம் ஏறி இறங்கும். அங்கே உங்கள் மனைவி திரும்பிவிட்டாலும் குறையில்லை, அந்தப் பாதையின் அழகு கோடியில் இல்லை. ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் சுவர். அந்தச் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

வெயிலில் நடந்துகொண்டே இருக்கிறோம், திடீரென்று ஓரிடத்தில் பாறை நனைந்திருக்கிறது. என் மகள் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கை சில்லென்று ஈரமாக இருந்தது. மேலே மழையோ ஊற்றோ எதுவும் கண்ணில் படவில்லை. பீடபூமியில் பெய்யும் மழையும் உருகும் பனியும் மணற்கல்லுக்குள் கசிந்து கசிந்து இறங்குகின்றன. அடியில் இருக்கும் இறுகிய அடுக்கு அதைக் கீழே விடுவதில்லை. வேறு வழியில்லாமல் நீர் பக்கவாட்டில் சுவரைப் பிளந்து வருகிறது. சில இடங்களில் மேலே விழுந்த நீர் இப்படி வெளியே வர ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகிறதாம். அந்த ஈரத்தில் பெரணிச் செடிகள் தொங்குகின்றன. மிளகைவிடச் சிறிய ஒரு நத்தை ஊர்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அந்தப் பள்ளத்தாக்கின் ஈரச் சுவர்களில் மட்டுமே வாழ்கிறது. அதைப் படித்த பிறகு மகளைச் சுவரைத் தொடவிடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நத்தை தேடினாள். உங்கள் பேத்திக்கும் அந்த வேலையைக் கொடுங்கள், நடந்த களைப்பே தெரியாது.

இப்போது நேரோஸ். உங்கள் மனம் ஒப்பாதது சரி. நான் ஒகேனக்கல்லுக்குப் பக்கத்தில் பிறந்தவள், அதை வைத்தே சொல்கிறேன். நம் ஊரில் ஒரு தூறல் இருக்காது. வயநாட்டில் பெய்யும், கபினி நிரம்பும், பிலிகுண்டுலுவில் கனஅடி ஏறும், பரிசல்களைக் கரையில் கவிழ்த்துவிடுவார்கள். ஒகேனக்கல்லில் நின்றுகொண்டு தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியுமா? சயானிலும் அதே கதைதான். ஆனால் காவிரி நமக்கு அவகாசம் தருகிறது. அங்கே நிமிடக்கணக்கில் வந்துவிடும். சுற்றிலும் வெறும் பாறை, நீரை உறிஞ்ச மண்ணில்லை. எங்கோ மைல்கணக்கில் தள்ளிப் பெய்வது அப்படியே இடுக்குக்குள் பாய்கிறது. 2015 செப்டம்பரில் அதே பூங்காவின் கீஹோல் என்ற இடுக்கில் இறங்கிய ஏழு பேர் ஒரே வெள்ளத்தில் இறந்துபோனார்கள். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை இந்தத் திடீர் வெள்ளத்தின் காலம். உங்கள் பயணம் அதன் வாசலில் விழுகிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆற்றில் நொடிக்கு 150 கனஅடிக்கு மேல் ஓடினாலே நேரோஸை மூடிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான கனஅடியைச் செய்தித்தாளில் படித்துப் பழகிய நமக்கு 150 என்றால் வாய்க்கால் தண்ணீர். ஆனால் அங்கே சுவருக்குச் சுவர் 20, 30 அடி அகலமே உள்ள இடங்கள் இருக்கின்றன. உயரமோ ஆயிரம் அடி. ஒதுங்கி ஏற ஒரு கரை வேண்டாமா?

பார்வையாளர் மையத்தில் அன்றன்றைக்கு வெள்ள வாய்ப்பு எந்த அளவு என்று எழுதிப் போடுகிறார்கள். நான்கு படிநிலைகள். மிகக் குறைந்த படிநிலை என்றால் மட்டும், ரிவர்சைடு வாக் முடிந்து ஆற்றில் இறங்கும் இடத்தில் பேரனைக் கால் நனைக்க விடலாம், அதற்கு மேல் போக வேண்டாம். அடியில் எல்லாம் உருண்டைக் கற்கள். தேங்காய்க் குவியல்மேல் கால் வைப்பது போலிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ அந்தக் கணமே மேலேறிவிட வேண்டும், படம் எடுக்க நிற்கக் கூடாது.

ஆற்றைப் பார்த்ததும் என் அம்மா மூன்று முழுக்குப் போட வேண்டும் என்றார். அந்த ஆற்றில் 2020 முதல் நச்சுப்பாசி எச்சரிக்கைகள் வருகின்றன. குடிக்கவும் கூடாது, தலையை முக்கவும் கூடாது. பலகையைப் படித்துச் சொன்ன பிறகு கால்களை மட்டும் நனைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பிவிட்டுக் கரையேறினார்.

கடைசியாக வெயில். ஜூலையில் 38 டிகிரி அங்கே சாதாரணம். நமக்குப் பழகியதுதானே என்று நானும் நினைத்தேன். நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அங்கே காற்றில் ஈரமில்லாததால் வியர்த்தது வியர்த்த இடத்திலேயே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை, தாகமில்லை என்று மகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து அவள் தொப்பியைக் கழற்றினேன். நெற்றியோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கன்னத்தைத் தடவினால் நறநறவென்றது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு கால் மணிக்கு ஒருமுறை, கேட்காமலே குடிக்கவைத்தேன். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்டு வறுத்த நிலக்கடலையும் எலுமிச்சைச் சாதமும் கையில் இருக்கட்டும்.

காவேரிப்பட்டணம் ஓய்வாசிரியர்:

அம்மா, மிக்க நன்றி. 150 கனஅடிக் கணக்கை மகனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை, பிறகு “நேரோஸ் வேண்டாம் அப்பா” என்றான். பேரனுக்குத்தான் ஏமாற்றம். ஏதாவது உச்சியில் ஏறியே தீருவேன் என்கிறான். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்று ஒரு பெயரைச் சொல்கிறான்.

ஊத்தங்கரை வாசகர்:

அது வேண்டவே வேண்டாம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறும் முதுகுப்பாறை, இரண்டு பக்கமும் பாதாளம். 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் அனுமதிச்சீட்டு கிடைத்தவர்கள் மட்டுமே போக முடியும்.

அதற்குப் பதிலாகப் பேரனை அவன் அப்பா மட்டும் கேன்யன் ஓவர்லுக்குக்கு அழைத்துப்போகட்டும். 1930-இல் திறந்த மலைச் சுரங்கச் சாலை ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளம். அதைக் காரில் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் பாதை. போய்வர ஒரு மைல். முடிவில் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். சில இடங்களில் கம்பி வேலி உண்டு, சில இடங்களில் இல்லை. கையை விடக் கூடாது. நம் சையது பாஷா மலைக் கருங்கல்லை நம்பி நிற்பது போல ஓரத்தில் நிற்காதீர்கள். அது மணற்கல், மேலே பொடிமணல் பரவியிருக்கும், செருப்பு சறுக்கும். கார் நிறுத்த இடம் மிகக் குறைவு, காலையிலேயே போய்விட வேண்டும்.

அணில்களுக்குக் கடலை போட வேண்டாம் என்று பேத்தியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பழகியவை போல மடியில் ஏறும், விரலைக் கடித்துவிடும். பூங்காவில் தடையும் உண்டு.

பென்னாகரத்து மகள்:

காலையில் என்றதும் நினைவுக்கு வந்தது. லாஸ் வேகஸைவிட யூட்டாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். 5 மணிக்குக் கிளம்பி 8 மணிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டால் அங்கே 9 ஆகியிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். முதல் நாள் மாலையே போய் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலில் தங்கிவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் ஓய்வாசிரியர்:

அப்படியே செய்கிறோம். மனைவி இன்று காலையிலிருந்து அணைப் பூங்காவில் நடக்கத் தொடங்கிவிட்டாள். 3.5 கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்குப் பாதி முடிந்தது.

பென்னாகரத்து மகள்:

அம்மாவுக்கு ஓர் ஊன்றுகோலும் வாங்கிவிடுங்கள் ஐயா, திரும்பி வரும்போதுதான் மூட்டு பேசும். பஸ்ஸில் ஏறும்போதே மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் இருட்டில் நெடுந்தூரம் நடக்க வேண்டிவரும்.